பைபிளுக்குள் இருந்த சுவீடன் நோட்டுகள்

கேள்வி: நான் சிவகங்கை மாவட்டத்தில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். என் அம்மா திருப்பத்தூரில் சுவீடன் மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தார். அவர் காலமான பிறகு அவருடைய பைபிளுக்குள் ஒரு உறை கிடைத்தது. உள்ளே ஏழு நோட்டுகள். இரண்டு 5 நோட்டுகளில் ஒரு ராணியின் படமும் 1873 என்ற ஆண்டும் அச்சாகியிருக்கின்றன. ஒரு 10 நோட்டில் 1668. மஞ்சளாகப் பழுத்த பெரிய தாள் ஒன்றில் 1666. மீதி மூன்றும் சாதாரணமானவை: ஒரு 10, ஒரு 20, ஒரு 100. பழைய நோட்டு வாங்கும் ஒருவர் எல்லாவற்றுக்கும் சேர்த்து மூவாயிரம் தருகிறேன் என்கிறார். மருமகனோ, 1666 தாள் மட்டுமே கோடிக்குப் போகும், யூடியூபில் பார்த்தேன் என்கிறார். நோட்டுகளின் படங்களை அனுப்பியிருக்கிறேன். யாரை நம்புவது? கிழியாமல் இருக்க லாமினேட் செய்துவிடலாமா? ஏழாவது படிக்கும் பேரன் இதைப் பார்த்ததிலிருந்து நோட்டு சேர்க்க வேண்டும் என்கிறான். அவன் எங்கே தொடங்குவது?

பதில்:

வணக்கம் டீச்சர். முதலில் கடைசிக்கு முந்தைய கேள்வி, ஏனென்றால் அதுதான் அவசரம். லாமினேட் செய்யாதீர்கள். பேரன் கையில் பசை, செல்லோ டேப் எதுவும் கிடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாளைக் கெடுக்காமல் உரிக்க வழியில்லை. லாமினேட் ஆன நோட்டைச் சேகரிப்பவர் யாரும் தொடமாட்டார். மடிப்பு போகட்டும் என்று இஸ்திரி போடுவதும், அழுக்கு போகட்டும் என்று சோப்புத் தண்ணீரில் நனைப்பதும் இதே ரகம்தான். மடிப்புள்ள நோட்டுக்கு மடிப்புள்ள நோட்டின் விலை கிடைக்கும். இஸ்திரி போட்டதற்கு அதுவும் கிடைக்காது. தாளின் இயற்கையான மொரமொரப்பு போய், அச்சின் மேடு தட்டையாகி, கையில் எடுத்தவுடனே தெரிந்துவிடும்.

இனி நோட்டுகளுக்கு வருகிறேன். மூவாயிரம் என்றவரையும் கோடி என்றவரையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். இரண்டு பேருமே நோட்டைப் படிக்கவில்லை, அதிலுள்ள ஆண்டைத்தான் பார்த்திருக்கிறார்கள். உங்கள் உறையில் 1873, 1668, 1666 என்று மூன்று பழைய ஆண்டுகள் இருக்கின்றன. மூன்றில் ஒன்றுகூட அந்தத் தாள் அச்சான ஆண்டு இல்லை.

1873-ல் தொடங்குகிறேன். அதில் நானே ஏமாந்திருக்கிறேன். இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு கண்காட்சியில் சுவீடனின் 5 குரோனா நோட்டுகள் நாலைந்தை '1873 நோட்டு' என்று சொன்னவரின் பேச்சைக் கேட்டு ஒரு மாதச் சம்பளம் கொடுத்து வாங்கினேன். வீட்டுக்கு வந்து அகராதியோடு உட்கார்ந்து நோட்டிலிருந்த வாக்கியத்தைச் சொல் சொல்லாகப் பிரித்துப் படித்த பிறகுதான் உறைத்தது. அந்த வாக்கியம் சொல்வது இதுதான்: இந்த 5 குரோனா நோட்டைக் கொண்டுவந்து கேட்டால், நாட்டின் நாணயம் பற்றிய 1873 மே 30-ஆம் தேதிச் சட்டப்படி சுவீடன் ரிக்ஸ்பாங்க் (நம் ரிசர்வ் வங்கி மாதிரி அந்த நாட்டு மத்திய வங்கி) தங்க நாணயமாக மாற்றித் தரும். அதாவது 1873 என்பது சட்டத்தின் தேதி. நம் பத்திரங்களில் 'இந்திய முத்திரைச் சட்டம் 1899' என்று இருந்தால் பத்திரம் 1899-ல் எழுதியது என்று நீங்கள் சொல்வீர்களா? அதே கதைதான்.

அந்தச் சட்டம்தான் சுவீடனுக்குக் குரோனாவைக் கொடுத்தது. அதுவரை அங்கே ரிக்ஸ்டாலர். சுவீடனும் டென்மார்க்கும் சேர்ந்து தங்கத்தை அடிப்படையாக வைத்து ஒரே மதிப்புள்ள நாணயம் என்று முடிவு செய்தன, நார்வே 1875-ல் சேர்ந்துகொண்டது. ஒரு கிலோ தங்கத்துக்கு 2,480 குரோனா என்பது கணக்கு. அந்தக் கணக்கில் உங்கள் 5 குரோனாவுக்கு இரண்டு கிராமும் சொச்சமும் தங்கம். இன்றைய விலையை நினைத்து மனசைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். 1931 செப்டம்பரில் சுவீடன் தங்கத்தை விட்டு விலகிவிட்டது. வாக்கியத்தை மட்டும் நோட்டிலிருந்து எடுக்காமல் பல வருஷம் அப்படியே அச்சடித்துக்கொண்டிருந்தார்கள்.

நோட்டு அச்சான ஆண்டு அந்த வாக்கியத்துக்கு வெளியே தனியாக, நான்கு இலக்கமாக நிற்கும். நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்றில் 1938, இன்னொன்றில் 1947. சிங்கத்தோடும் கேடயத்தோடும் உட்கார்ந்திருக்கும் பெண்ணை ராணி என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் ராணி இல்லை, ஸ்வேயா. நம் பாரதமாதா மாதிரி, சுவீடன் தேசத்தையே பெண்ணாக உருவகித்தது. பின்பக்கம் தாடிக்காரர் கஸ்டாவ் வாசா. 16-ஆம் நூற்றாண்டில் டென்மார்க்கின் பிடியிலிருந்து சுவீடனைப் பிரித்து ஆண்டவர். இந்த ஜோடி 1890-இல் 5 குரோனாவில் வந்து 1952 வரை, சிறு சிறு மாற்றங்களோடு அறுபது வருஷத்துக்கு மேல் நிலைத்தது. எக்கச்சக்கமாக அச்சடித்ததால் இன்றும் நிறையக் கிடைக்கிறது.

விலைப்பட்டியல் பார்க்கப் போனால் இந்த 5 குரோனாவுக்குப் 'பிக் 33' என்று எண் போட்டிருப்பார்கள். உலகத் தாள் பணங்களை வரிசைப்படுத்திய ஆல்பர்ட் பிக் என்பவரின் பெயரால் வந்த எண் அது. அதன் கீழே ஒவ்வொரு ஆண்டுக்கும் ஒரு துணை எழுத்து. ஒரே மாதிரித் தெரியும் நோட்டுகளில் ஓர் ஆண்டுக்கும் அடுத்த ஆண்டுக்கும் விலை மாறும், நிலைமைக்கு நிலைமை அதைவிட அதிகமாக மாறும். உங்கள் 1938 நோட்டு நாலாக மடித்து நாலாக விரித்து நடுவில் ஊசித்துளை விழுந்த நோட்டு. 1947 பரவாயில்லை, நடுவில் ஒரே மடிப்பு, முனைகள் கூராகவே இருக்கின்றன. இரண்டுமே சேகரிப்பில் வைக்கத் தகுந்தவை, பெரிய பணத்துக்கு விற்கத் தகுந்தவை இல்லை.

நிலைமை என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். சுவீடன் வியாபாரிகளிடம் எப்போதாவது கடிதம் போட்டால் அவர்கள் நோட்டின் தரத்தை எண்ணால் சொல்வார்கள். புழக்கத்துக்கே போகாத நோட்டு 0. அதற்கடுத்தது 01, பிறகு 1+, பிறகு 1, கேள்விக்குறியோடு 1, கடைசியில் 2. நம் ஆட்கள் '1+' என்றதும் முதல் தரத்துக்கும் மேலே என்று நினைத்துப் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். அது நன்றாகவே புழங்கிய நோட்டு.

அடுத்து 1668, 1666. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல முடியும், ஒன்றின் கதையில்தான் மற்றது பிறக்கிறது. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

17-ஆம் நூற்றாண்டுச் சுவீடனில் செம்பு நிறைய, வெள்ளி குறைவு. அதனால் 1644-இல் செம்பையே தகடு தகடாக வெட்டி, நாலு மூலையிலும் நடுவிலும் முத்திரை குத்திப் பணமாக்கினார்கள். 10 டாலர் (அமெரிக்க டாலர் இல்லை, அன்றைய சுவீடன் பணத்தின் பெயர்) தகடு ஒன்று ஏறக்குறைய 20 கிலோ. இன்றைய கேஸ் சிலிண்டரில் நிரப்பும் கேஸ் 14.2 கிலோ. அதைவிடக் கனமான ஒற்றை 'நாணயம்' அது. கடைக்குப் போக வண்டி வேண்டும், திருடன் வந்தால் அவனுக்கும் வண்டி வேண்டும்.

ரீகாவில் பிறந்த யோஹான் பாம்ஸ்ட்ரூக் என்பவர் 1650-களில் அரசிடம் அனுமதி வாங்கி 'ஸ்டாக்ஹோம்ஸ் பாங்கோ' என்று ஒரு வங்கி தொடங்கினார். 1660-இல் அரசு தகடுகளின் எடையைக் குறைத்தது. உடனே பழைய கனமான தகட்டைப் போட்டு வைத்திருந்தவர்கள் எல்லாரும், என் பழைய தகட்டைக் கொடு என்று வந்து நின்றார்கள். வங்கியில் அவ்வளவு தகடு இல்லை. அந்த நெருக்கடியில் பாம்ஸ்ட்ரூக் 1661-இல் தாளை நீட்டினார்: இதைக் கொண்டுவருபவருக்கு இத்தனை டாலர் தருவோம் என்ற எழுத்து. பெயர் எழுதாத, கைமாறிக்கொண்டே போகக்கூடிய, ரவுண்டான தொகைகளுக்கு முன்கூட்டியே அச்சடித்த தாள். ஐரோப்பாவின் முதல் வங்கி நோட்டு என்று வரலாறு சொல்வது அதைத்தான்.

தாள் சுமக்கச் சுலபம், அச்சடிக்க அதைவிடச் சுலபம். பாம்ஸ்ட்ரூக் கடனாகவும் நோட்டுகளை அள்ளிக் கொடுத்தார். இரண்டு மூன்று வருஷத்தில் மக்களுக்குச் சந்தேகம் வந்து நோட்டோடு வாசலில் கூட்டம் கூடியது. வங்கியால் கொடுக்க முடியவில்லை. 1666-இல் இன்னொரு தொகுதி நோட்டு வெளியிட்டுப் பார்த்தார்கள். 10, 25, 50, 100 டாலர் என்று. வங்கி தப்பவில்லை. பாம்ஸ்ட்ரூக்குக்கு மரண தண்டனை விதித்து, பிறகு சிறையாகக் குறைத்தார்கள். 1671-இல் இறந்தார்.

அந்த இடிபாட்டிலிருந்து 1668-இல் நாடாளுமன்றமே ஒரு வங்கி தொடங்கியது. இன்றைய ரிக்ஸ்பாங்க் அதுதான், உலகில் இன்றும் இயங்கும் மிகப் பழைய மத்திய வங்கி. ஆனால் பாம்ஸ்ட்ரூக்கிடம் பட்ட சூடு ஆறாததால், புதிய வங்கி நோட்டு வெளியிடக் கூடாது என்று கட்டியே வைத்திருந்தார்கள். அந்தக் கட்டு 1701-இல்தான் கொஞ்சம் தளர்ந்தது. ஆக டீச்சர், 1668-இல் அந்த வங்கி ஒரு நோட்டுகூட வெளியிடவில்லை. உங்கள் 10 குரோனாவில் 1668-க்குப் பக்கத்திலேயே 1968 என்றும் இருக்கிறது பாருங்கள். வங்கியின் 300-ஆம் ஆண்டுக்காக வந்த நினைவு நோட்டு அது. அழகான நோட்டுதான். ஆனால் நினைவாக வைத்துக்கொள்ளவே வாங்கி, மடிக்காமல் எடுத்து வைத்தவர்கள் நிறைய, அதனால் நல்ல நிலையில் நிறையவே கிடைக்கிறது.

இனி மருமகனின் கோடி. பாம்ஸ்ட்ரூக் நோட்டுகளில் இன்று மிஞ்சியிருப்பவை பெரும்பாலும் 1666 தொகுதிதான். அசல் ஒன்று ஏலத்துக்கு வந்தால் பெரும் விலைக்குப் போகும், அந்த அளவில் மருமகன் சொன்னது சரி. உங்களிடம் இருப்பது அசல் இல்லை.

எதை வைத்துச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். அசல் நோட்டில் வங்கி அதிகாரிகள் பலர் ஆளுக்கொரு பேனாவால் கையெழுத்துப் போட்டார்கள். ஒவ்வொருவர் மையும் ஒவ்வொரு விதமாக வெளிறியிருக்கும். இறகுப் பேனா அழுந்திய இடத்தில் மை தாளுக்குள் இறங்கிப் பின்பக்கம் நிழலாடும். முத்திரைகள் தாளில் அழுத்தியவை, தடவினால் மேடுபள்ளம் தெரியும். தாள் கையால் செய்தது, வெளிச்சத்தில் பிடித்தால் 'பாங்கோ' என்ற நீர்க்குறி எழும். நான் கேட்டபடி டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்து நீங்கள் எடுத்த இரண்டாவது படத்தில் முத்திரை இருக்கும் இடம் தட்டையாகக் கிடக்கிறது. முத்திரையின் நிழலே அச்சடித்த நிழல்: டார்ச் இடப்பக்கம், நிழலும் இடப்பக்கம்! எல்லாக் கையெழுத்தும் ஒரே பழுப்பு. ஜன்னலில் ஒட்டிப் பார்த்தபோது நீர்க்குறி எதுவும் தெரியவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நினைவுப்பொருளாக அச்சிட்ட நகல் அது. சந்தேகம் தீரவில்லையென்றால், கள்ள நோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கு எந்த ஜவுளிக்கடைக் கல்லாவிலும் இருக்கும். இருட்டில் அதன் கீழே காட்டுங்கள். பழைய கந்தல் துணித் தாள் மங்கலாகக் கிடக்கும், வெண்மையூட்டி சேர்த்த இக்காலத் தாள் நீலமாகப் பளிச்சென்று எரியும்.

நகல் என்பதால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஊருக்குப் போய்த் திரும்பிய மிஷன் சகோதரி ஒருவர் வாங்கிவந்து கொடுத்திருக்கலாம். பேரனுக்குக் கதை சொல்ல இதைவிட நல்ல தாள் கிடைக்காது.

இந்தக் கதையிலிருந்தே அடையாளம் காணும் வழியும் கிடைக்கிறது. தலைப்பில் 'ஸ்வேரியேஸ் ரிக்ஸ்பாங்க்' என்று இருந்தால் அந்த நோட்டு 1867-க்கு முந்தையது இல்லை, ஏனென்றால் அதற்கு முன் அந்த வங்கிக்குப் பெயரே வேறு. குரோனா என்று இருந்தால் 1873-க்கு முந்தையது இல்லை. ரிக்ஸ்டாலர் என்று இருந்தால் அதற்கு முந்தையது. ஸ்வீடிஷ் மொழியோடு பின்லாந்து மொழியும் தென்பட்டால் இன்னும் பழையது என்று சந்தேகப்படலாம், 1809 வரை பின்லாந்து சுவீடனின் கையில் இருந்தது. 18-ஆம் நூற்றாண்டு நோட்டுகள் சிலவற்றில், இதைப் போலி செய்பவனுக்குத் தூக்கு, காட்டிக்கொடுப்பவனுக்குப் பரிசு என்று நோட்டிலேயே அச்சடித்திருப்பார்கள். அது போதாதென்று 1755-இல் ஸ்டாக்ஹோமுக்குத் தெற்கே தும்பா என்ற ஊரில் வங்கியே சொந்தமாகத் தாள் ஆலை வைத்தது. தாள் செய்ய ஹாலந்திலிருந்து ஆட்களை வரவழைத்தார்கள். ரிக்ஸ்பாங்க் தவிர வேறு பெயர் இருந்தால் பயந்துவிட வேண்டாம். 1830-களிலிருந்து 1903 வரை தனியார் வங்கிகளும் நோட்டு வெளியிட்டன. ரிக்ஸ்பாங்க் மட்டும்தான் என்று ஆனது 1904-இல்.

நீங்கள் 'சாதாரணமானவை' என்று ஒரு வரியில் முடித்த மூன்றுக்கு வருகிறேன்.

அதிலிருக்கும் 10 சுவீடன் நோட்டே இல்லை, டென்மார்க்குடையது. அந்த 1873 ஏற்பாட்டால் மூன்று நாட்டுப் பணத்துக்கும் ஒரே பெயர் ஒட்டிக்கொண்டதால் வரும் குழப்பம் இது. எழுத்தைக் கவனியுங்கள். சுவீடனில் பன்மை 'க்ரோனோர்', கடைசி எழுத்துக்கு முன்னால் வட்டமான 'ஓ'. டென்மார்க்கிலும் நார்வேயிலும் அது 'க்ரோனெர்', அந்த இடத்தில் 'ஈ' எழுத்து. வங்கியின் பெயரில் 'டான்மார்க்ஸ்' என்றோ 'நோர்கெஸ்' என்றோ இருந்தால் சந்தேகமே வேண்டாம். தமிழ்நாட்டில் டென்மார்க் மிஷனரிகளும் இருந்தார்கள், சுவீடன்காரர்களும் இருந்தார்கள். தமிழ் இவாஞ்சலிக்கல் லுத்தரன் திருச்சபைக்கு 1921-இல் முதல் பேராயரான ஹெய்மன் சுவீடன்காரர், அமர்ந்ததோ டென்மார்க்காரர் கோட்டை கட்டிய தரங்கம்பாடியின் பெயரைத் தாங்கிய ஆசனத்தில். உறைக்குள் இரண்டும் கலந்து கிடப்பதில் ஆச்சரியமில்லை.

20 குரோனா, எழுத்தாளர் செல்மா லாகர்லோஃப் படம் போட்டது. 1909-இல் இலக்கிய நோபல் வாங்கியவர், அந்தப் பரிசு பெற்ற முதல் பெண். பின்பக்கம் வாத்தின் முதுகில் பறக்கும் பையன் அவருடைய கதையில் வருபவன்தான். இந்த நோட்டில் ஆண்டைத் தனியாகத் தேடினால் கிடைக்காது. வரிசை எண்ணின் முதல் இலக்கம்தான் ஆண்டின் கடைசி இலக்கம். உங்களுடையது 4-இல் தொடங்குகிறது, ஆகவே 1994 அல்லது 2004. எது? ஸ்கேலை எடுத்து அளந்து பாருங்கள். 1997-இல் இந்த நோட்டைச் சிறிதாக்கினார்கள். நீளம் 13 சென்டிமீட்டர் என்றால் 1994, 12 என்றால் 2004. இரண்டுமே இப்போது செல்லாது.

100 குரோனா. முன்பக்கம் இரண்டாம் கஸ்டாவ் அடால்ஃப். பின்பக்கம் வாசா கப்பல், 1628-இல் முதல் பயணத்திலேயே ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் மூழ்கி, 1961-இல் மேலே எடுத்த அதே கப்பல். 1965-லிருந்து 1985 வரை வந்த வகை. சாதாரணமானதுதான் என்று நானும் தள்ளியிருப்பேன். ஆனால் உங்கள் படத்தில் வரிசை எண்ணின் கடைசியில் ஒரு புள்ளி மாதிரி தெரிகிறது. அது அழுக்காகவும் இருக்கலாம், நட்சத்திரமாகவும் இருக்கலாம்.

நட்சத்திரம் என்றால் விஷயம் வேறு. அச்சகத்தில் ஒரு நோட்டு கெட்டுப்போனால் அதே எண்ணை மறுபடி அடிக்காமல், அதற்குப் பதிலாக நட்சத்திரக் குறியிட்ட நோட்டு ஒன்றை வைப்பார்கள். நம் ரிசர்வ் வங்கி இந்த முறையை 2006-இல் தொடங்கியது, நம் நோட்டில் நட்சத்திரம் முன்னால் வரும் எழுத்துக்கும் எண்ணுக்கும் நடுவில் இருக்கும். சுவீடனில் அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே உண்டு, அங்கே எண்ணுக்குப் பின்னால். அந்த ஊர்ச் சேகரிப்பாளர்கள் நட்சத்திர நோட்டுகளை ஆண்டுவாரியாகத் தேடுகிறார்கள். சில ஆண்டுகளுக்கு எளிதில் கிடைக்கும், சிலவற்றுக்குக் கிடைக்காது. கோடியும் இல்லை, லட்சமும் இல்லை. ஆனால் மூவாயிரத்துக்கு மொத்தமாகக் கேட்டவர் எதைப் பார்த்துக் கேட்டார் என்று எனக்கு இப்போது கொஞ்சம் சந்தேகமாக இருக்கிறது.

வங்கியில் மாற்றலாமே என்று யாராவது சொல்வார்கள். செல்லாத நோட்டுகளை ரிக்ஸ்பாங்க் விண்ணப்பத்தோடு தபாலில் வாங்கிக்கொள்கிறது, கட்டணமும் உண்டு. உங்களிடம் உள்ள ஐந்து சுவீடன் நோட்டுகளின் முகமதிப்பைக் கூட்டினால் 140 குரோனா. கட்டணம், பதிவுத் தபால் எல்லாம் போக மிஞ்சுவதற்கு எதுவும் இருக்காது. 1938 நோட்டைக் கொடுத்தாலும் 5 குரோனாதான். பழமைக்கு வங்கி ஒரு பைசா கூடுதலாகத் தராது.

பத்திரப்படுத்துவதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பைபிளிலிருந்து எடுத்துவிடுங்கள், பழைய புத்தகத் தாளின் அமிலம் நோட்டில் ஏறும். பத்து ரூபாய்க்கு விற்கும் வழவழப்பான பிவிசி உறை வேண்டாம், சில வருஷத்தில் ஒட்டும். நோட்டுச் சேகரிப்பாளர்களுக்கென்று விற்கும் பாலியெஸ்டர் உறை ஒவ்வொன்றுக்கும் ஒன்று போதும். வேப்பிலை கறை விடும். அந்துருண்டையை நோட்டோடு வைக்கவே வைக்காதீர்கள். பீரோவில் மேல்தட்டு, மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை திறந்து காற்று காட்டினால் போதும். அந்தப் பழைய காகித உறையையும் தனியாக வைத்திருங்கள். நோட்டின் விலையை அது கூட்டாது. ஆனால் யார் கொடுத்தது, எந்த வருஷம் என்று அம்மா சொன்னது உங்களுக்கு நினைவிருந்தால் ஒரு தாளில் எழுதி அதோடு சேர்த்துவிடுங்கள். நோட்டைப் பார்த்து நான் சொல்ல முடியாதது அது ஒன்றுதான்.

பேரனுக்கு: பாம்ஸ்ட்ரூக்கை ஏழாம் வகுப்பில் துரத்த வேண்டாம். 1960-களில் தொடங்கிய வரிசை அவனுக்குச் சரியாக இருக்கும். 5-இல் கஸ்டாவ் வாசா, 10-இல் ஆறாம் கஸ்டாவ் அடால்ஃப், 50-இல் மூன்றாம் கஸ்டாவ், 100-இல் உங்களிடம் உள்ளவர், 1976-இல் வந்த 1000-இல் பதினான்காம் கார்ல் யோஹான். ஐந்தும் ராஜாக்கள். 5-உம் 10-உம் அதிகம் செலவில்லாமல் கிடைக்கும், 1000-ஐ அவன் வேலைக்குப் போன பிறகு வாங்கிக்கொள்ளட்டும். அதன் பக்கத்தில் 2015, 2016-இல் வந்த புதிய நோட்டுகளின் படத்தை ஒட்டச் சொல்லுங்கள். குழந்தைகளுக்கு எழுதிய ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரென், பாடகர் எவர்ட் டோப், நடிகை கிரேட்டா கார்போ, இயக்குநர் இங்மார் பெர்க்மன், ஓபரா பாடகி பிர்கிட் நீல்சன், ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த டாக் ஹமார்ஷீல்ட். ஒரு ராஜாகூட இல்லை. ஐம்பது வருஷத்தில் என்ன நடந்தது என்று அவனே கேட்பான், நீங்கள் டீச்சர், மேற்கொண்டு பார்த்துக்கொள்வீர்கள்.

வாங்கும்போது ஒரே ஒரு கட்டுப்பாடு வைக்கச் சொல்லுங்கள்: நோட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்ல முடியாத நோட்டுக்குக் காசு கொடுப்பதில்லை. ஸ்வீடிஷில் 'ஃபெம்' ஐந்து, 'டியூ' பத்து, 'ஹுந்த்ரா' நூறு. ஒரு நாள் மாலையில் படித்துவிடலாம். நான் படிக்காமல் வாங்கியதற்கு ஒரு மாதச் சம்பளம் கொடுத்தேன் என்று முன்பே சொன்னேனே.

இப்போது உங்களுக்கு ஒரு வேலை. அந்த 100 குரோனாவை வெள்ளைத் தாள்மேல் வைத்து, பகல் வெளிச்சத்தில், ஃப்ளாஷ் போடாமல், வரிசை எண்ணின் கடைசி மூன்று இலக்கம் மட்டும் தெரியும்படி கிட்டத்தில் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். எண்ணைத் துடைக்கவோ சுரண்டவோ வேண்டாம், அழுக்காகவே இருந்தாலும். பதில் வரும்வரை மூவாயிரக்காரரிடம், பேரன் கொடுக்க மாட்டேன் என்கிறான் என்று சொல்லி வையுங்கள்.